துண்டுக்கடியில் ஒரு குருவி

மோட்டார் தரகர் அன்று காலையில் செய்த பெரிய தவறு, வந்தவர் கேட்ட முதல் விலைக்கே தலையாட்டியதுதான்.

வந்தவர் சலவைக்கடை வைத்திருப்பவர். பழைய மோட்டார் ஒன்று தேவைப்பட்டது. வழக்கப்படி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். வழக்கப்படி தரகர் நெஞ்சில் கையை வைத்து, "இந்த விலைக்கு இதோட நிழலைக்கூடத் தரமுடியாதுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ ஒரு காதில் செருகியிருந்த இயர்போனைக் கழற்றாமலே, "சரி, எடுத்துக்குங்க" என்றார். சலவைக்கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. மோட்டாரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி இறங்கியவர், தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த தரகரின் மனைவி பேனாவை மூடினாள்.

"என்னங்க, அவர் போற வேகத்தைப் பாத்தா நீங்க மோட்டாரைக் காட்டின மாதிரி இல்ல. பேயைக் காட்டின மாதிரி இருக்கு."

"வேணும்னா வருவாரு."

"வரமாட்டாரு. மொதல்ல நீங்க ஒரு இடத்துல உக்காருங்க. காலையில இருந்து கடைக்குள்ளயே நடந்து நடந்து தரை பள்ளமாயிடும் போல."

தரகர் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. எழுந்துவிட்டார்.

பிரச்சினை, காதில் இருந்த அந்தத் தும்மல்தான்.

தும்மலுக்கு முன்னால் குருவியைச் சொல்லிவிட வேண்டும். கதிர்க்குருவி என்று ஒரு சாதி. விரல் நீளம் இருக்கும், பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், இலைக்குள் இலையாகத் துள்ளிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு வகை. உருவத்தில் இரண்டும் ஒரே அச்சு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தாலும் கண்தான் பூத்துப்போகும், வித்தியாசம் தெரியாது. வாயைத் திறந்தால் மட்டும் தெரியும். ஒன்று "ச்சில்-வீ" என்று இரண்டு தட்டாகக் கூப்பிடும். மற்றது "ச்சி-ரி-விப்" என்று மூன்று தட்டாகக் கூப்பிடும். ஊர்ப் பறவைக் கழகத்தில் முதலாவதுக்கு இருகூவி என்று பெயர், இரண்டாவதுக்கு முக்கூவி. இருகூவி குளிர்காலத்தில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படும். முக்கூவியை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வரை.

தரகருடைய காது சாதாரணக் காது இல்லை. பழைய மோட்டார் சந்தையில் அவருடைய திருப்புளி பிரசித்தம். ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பேரிங் போய்விட்டதா, போகப்போகிறதா, உள்ளே யாராவது கம்பியை மாற்றிக் கட்டியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். மற்றபடி அவர் வாயில் வருவதெல்லாம் வியாபாரம். "இது எங்க அக்கா வீட்டு மோட்டார், ஒரு வருஷம்கூட ஓடல" என்பார். அவருக்கு அக்காவே கிடையாது. விலையில் கூசாமல் புளுகுவார், வயதில் புளுகுவார், யார் வைத்திருந்தது என்பதில் காவியமே பாடுவார். சத்தத்தில் மட்டும் புளுகியதில்லை. அதில் அவர் பெரிய மகான் என்பதால் இல்லை. எதிரிக் கடைக்காரன்கூட மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவது அந்த ஒன்றுக்காகத்தான்.

ஆனாலும் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. பிறந்ததிலிருந்து பேரக்காரர்கள் நடுவில் வளர்ந்தவர். அவர் சொல்லும் எந்த வார்த்தையையும் எதிரே நிற்பவன் பாதியாகக் குறைத்துத்தான் வாங்குவான். பத்து என்றால் ஐந்து என்று புரிந்துகொள்வான். மழை பெய்கிறது என்று சொன்னால்கூடத் தூறல் என்று நினைப்பான். தன் சொல்லைக் குறைக்காமல் அப்படியே வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் உலகத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அந்த இடத்துக்குக் காதுச்சான்று என்று பெயர். வட்டாரத்துப் பறவைக் கழகங்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் அம்மா இருந்தார். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்பவர், எல்லோரும் ஒலியம்மா என்பார்கள். அவர் ஒருவரின் காதை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதன் பிறகு அந்த ஆள் "கேட்டேன்" என்றால் போதும். படம் எங்கே, பதிவு எங்கே, கூட யார் நின்றது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தரகர் கேட்டுப் பார்த்திருக்கிறார். "பாப்போம்" என்று பதில் வந்தது. கடையில் "பாப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

அதனால்தான் போன ஞாயிறு அந்தக் காரியத்தைச் செய்தார். ஊர்த் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு தோப்பு. அங்கே போனில் பறவைக் குரலைப் போட்டுக் காட்டிப் பறவையை வரவழைக்கக் கூடாது என்று கழகத்தில் விதி. குரலைக் கேட்டால் பறவை தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான் என்று அலைபாயும், தின்னாமல் சுற்றும். தரகர் சுற்றுமுற்றும் பார்த்தார். குட்டிச்சுவர் மேல் போனை வைத்து, கைக்குக் கை மாறிக் கழகத்தில் எல்லோரிடமும் இருக்கிற முக்கூவி மாதிரிப் பதிவை ஓட்டிவிட்டு, அண்ணாந்தபடி தள்ளி நின்றார். ஓடி முடிந்தது. கொஞ்சம் பொறுத்து, சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்தது பதில். "ச்சி-ரி-விப்." ஐயமே இல்லை, மூன்று தட்டு. அதைப் பதிவு செய்தார். பதிவின் கடைசியில் லேசாக ஒரு தும்மல் கேட்டது.

அந்தத் தும்மலை அவர் சம்பந்தியின் தும்மல் என்று நினைத்தார். மகளுடைய மாமனார், மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருப்பவர், கழகத்தின் செயலாளரும் அவரே. அன்றைக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் நிற்பதாகச் சொல்லியிருந்தார். சம்பந்தி தும்மியதை ஊருக்கெல்லாம் அனுப்பிக் கேட்கவைப்பது மரியாதையா என்று, அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டுப் பதிவை ஒலியம்மாவுக்கு அனுப்பினார். அதே நாள் சம்பந்தியும் தனியாக ஒரு முக்கூவிப் பதிவை அனுப்பியிருந்தார். இரண்டு பேர், இரண்டு பதிவு, ஒரே பறவை. ஒலியம்மாவிடமிருந்து செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், உங்கள் காதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

நாளைக்குத்தான் அந்த ஞாயிறு.

இன்று காலையில் சும்மா இருக்க மாட்டாமல், பல் தேய்த்த கையோடு மாதிரிப் பதிவை எடுத்து இயர்போனில் கேட்டார். முக்கூவி கூவியது, கூவியது, இன்னும் கூவியது. அப்புறம் ஒரு தும்மல். அவர் வெட்டி எறிந்த அதே தும்மல், அதே இடத்தில். எந்த நாட்டிலோ என்றைக்கோ இதைப் பதிவு செய்த யாரோ ஒரு மகராசன், மூக்கை அடக்க முடியாமல் தும்மித் தொலைத்திருக்கிறான். அண்ணாந்து நின்ற தரகரின் காது மரத்துக்கு மேலேயே இருந்ததால், தன் போனில் அந்த ஆள் தும்மியதை அவர் அன்றைக்குக் கவனிக்கவில்லை. அதற்கு முன் பதிவைக் கடைசி வரை ஓட்டிக் கேட்டதும் இல்லை.

அப்படியானால் சுவருக்கு அந்தப்பக்கம் கூவியது குருவி இல்லை. போன்.

"நான் ஒரு நடை சம்பந்தி கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார் சாயங்காலம்.

"போங்க. ஆனா நம்ம பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கா. வாயை அளந்து திறங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்கடையில் கூட்டம். சம்பந்தி அவரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய், கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். வேறு நாற்காலி இல்லை. உட்கார்ந்த ஆளைச் சும்மா விட மனமில்லாமல், கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி ஒரு வில்லையைச் செருகினார்.

"எழுத்தைப் பாருங்க. இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்படிச் சொல்லக்கூடாது. ஏதாவது ஒண்ணைச் சொல்லணும்."

"சம்பந்தி, போன ஞாயித்துக்கிழமை நீங்க எங்க நின்னீங்க?"

"சுவருக்கு அந்தப்பக்கம். இப்ப தெளிவா?"

"போன் கீன் எதாவது போட்டீங்களா?"

வில்லையைப் பிடித்திருந்த விரல் அந்தரத்தில் நின்றது.

"தோப்புல போன் போடக்கூடாதுன்னு விதி இருக்கே. அதை எழுதினதே நான்தானே. ஏன், நீங்க போட்டீங்களா?"

"நானா. நான் எதுக்குப் போடப்போறேன்."

இரண்டு வியாபாரிகளும் ஒரே சரக்கை ஒரே விலைக்குச் சொன்னார்கள்.

"உங்க பதிவு முழுசா இருக்கா? வெட்டாதது?" என்றார் தரகர்.

சம்பந்தி தயங்கித் தயங்கிப் போனை எடுத்துப் போட்டார். முக்கூவி கூவியது. கூவி முடிந்தது. தும்மல்.

"யாரோ தும்முறாங்க பாருங்க."

"அதுவா? அது நீங்கன்னு நினைச்சேன். நீங்க அந்தப்பக்கம் நிக்கறது தெரியும். சம்பந்தி தும்மலைப் போய் ஊருக்குப் போட்டுக்காட்டறதான்னு அதை எடுத்துட்டுத்தான் ஒலியம்மாவுக்கு அனுப்பினேன்."

தரகர் இரும்புச் சட்டத்தை மூக்கிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன் போனை எடுத்து முதலில் தன் வெட்டாத பதிவைப் போட்டார். பிறகு மாதிரிப் பதிவைப் போட்டார். மூன்று குரலிலும் அந்த மகராசன் ஒரே மாதிரி தும்மினான்.

சம்பந்தி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மொதல்ல போட்டது யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான். சுவர் மேல வெச்சேன்."

"அதைத்தான் நான் பிடிச்சிருக்கேன். பிடிச்ச சந்தோஷத்துல, இன்னொரு தடவை கூவாதான்னு நானும் என் போனைப் போட்டேன்."

"அதைத்தான் நான் பிடிச்சேன்."

வெளியே யாரோ, ஃபிரேம் மாற்றிக் கேட்டு எவ்வளவு நேரம் நிற்பது என்று சத்தம் போட்டார்கள். சம்பந்தி கதவைப் பார்த்து, "இதோ வந்துட்டேன்" என்று தேனாகக் குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் குனிந்தார்.

"இதுல கலங்க ஒண்ணும் இல்ல சம்பந்தி. சொன்னது சொன்னதா இருக்கட்டும். உங்களுக்கு வேணும் சான்று. எனக்கு வேணும் மானம். விதி எழுதினவனே விதியை மீறினான்னு தெரிஞ்சா, அடுத்த கூட்டத்துல என்னைக் குருவி மாதிரி உரிச்சுடுவாங்க. நாளைக்கு அந்த அம்மா வரட்டும்."

"வந்து? பறவை இல்லையே."

"கூவும்."

"எப்படிக் கூவும்?"

சம்பந்தி இரும்புச் சட்டத்தை எடுத்து மறுபடியும் அவர் மூக்கில் மாட்டினார். "எழுத்தைப் பாருங்க. இது தெளிவா, இது தெளிவா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் முதலில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அது போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்னு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு பாசமா கூப்பிட்டுக்கலையே."

"சிரிக்காத. நாளைக்கு நான் என்ன சொல்றது?"

"அதை ஏன் என்னைக் கேக்கறீங்க? உங்க காதைக் கேளுங்க."

படுத்தார். புரண்டார். தலையணையைத் திருப்பிப் போட்டார். விடிவதற்குள் அந்தக் கட்டிலுக்கே தூக்கம் கெட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் கழகத்து ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். தரகரின் மனைவியும் ஃபிளாஸ்கோடு வந்திருந்தாள். பறவைக்காக இல்லை, சம்பந்திகள் இருவரையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொள்ள. ஒலியம்மா காதில் பெரிய ஹெட்போனும், கையில் பூனைக்குட்டி மாதிரி உரோமம் போர்த்திய மைக்குமாக இருந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. முறையை மட்டும் சொன்னார்.

"ஒவ்வொரு சத்தம் வரும்போதும் மொதல்ல நான் எனக்குத் தோணறதை மைக்ல மெதுவா சொல்லிடுவேன். உங்களுக்குக் கேக்காது. அப்புறம் உங்களைக் கேப்பேன். நீங்க சத்தமா சொல்லணும். முன்ன சொன்னதை யாரும் மாத்த முடியாது, நானும்தான்."

தரகருக்கு முறை பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் வினை. ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. தொட்டியின் பம்பு அறையிலிருந்து வந்த உறுமலில் ஒரு பேரிங் இழுத்துக்கொண்டிருப்பது வேறு காதில் விழுந்து தொல்லை பண்ணியது. சம்பந்தியோ மாப்பிள்ளை வீட்டுக் களையோடு, தோளில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். விடியுமுன்னே வந்து ஒரு நடை தோப்பைப் பார்த்துவிட்டுப் போனதாகத் தோப்புக் காவலாள் சொன்னான்.

முதலில் வந்தது சில்லறைதான். காகம், புறா, ஒரு மரங்கொத்தி. தரகர் ஒவ்வொன்றையும் யோசிக்காமல் சொன்னார். பிறகு உச்சிக்கிளையில் "ச்சில்-வீ." ஒலியம்மா உரோமத்துக்குள் முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார்.

"இருகூவி" என்றார் தரகர். ஒலியம்மா தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு தரகரின் முதுகில் ஒரு குளிர்ந்த கை வைத்த மாதிரி இருந்தது. அந்த அம்மா குறைக்காமல் வாங்கிக்கொண்டார். பேரமே இல்லை.

அப்புறம் அது வந்தது. வலப்பக்கத்துப் புதர், தாழ்வான இடம். "ச்சி-ரி-விப். ச்சி-ரி-விப்."

கழகத்து ஆட்கள் மூச்சைப் பிடித்தார்கள். ஒலியம்மா மைக்கை அந்தப்பக்கம் திருப்பி, கண்ணை மூடினார். தரகரும் கண்ணை மூடினார். கூவல், இடைவெளி, கூவல், இடைவெளி. தும்மல் வர வேண்டிய இடம் வந்தது. தும்மல் வரவில்லை. சம்பந்தி லேசுப்பட்ட ஆளா? வெட்டி ஒட்டி, நேரம் குறித்து விடியுமுன்னே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்டிய இடத்தில் மட்டும் ஓர் இமைப்பொழுது காற்றே இல்லை, இலையே இல்லை, ஒன்றுமே இல்லை. ஓட்டையை அடைத்துப் புதுப் பெயிண்ட் அடித்த மோட்டாரை அவர் எத்தனை பார்த்திருக்கிறார். பெயிண்ட் நன்றாகவே இருந்தது. இதை வாங்கிப்போகிறவன் குறை சொல்லித் திரும்பி வரமாட்டான்.

ஒலியம்மா மைக்கில் எதையோ முணுமுணுத்தார். தரகர் தன் வாழ்நாளில் எந்தச் சத்தத்தையும் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்க முயன்றதில்லை. கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் ஒலியம்மா.

அந்த நேரத்தில் சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு மெல்ல இறங்கி, இருவர் கையையும் மூடியது. சந்தைக்காரர்களுக்கு இது தெரியும். நாலு பேர் நடுவில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சம்பந்தியின் அப்பாவும் ஒரு காலத்தில் மோட்டார் சந்தையில் நின்றவர். பிள்ளைகள் கல்யாணத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை பந்தி என்றே இவர்கள் துண்டுக்கடியில்தான் பேசி முடித்தார்கள்.

சம்பந்தி அவருடைய மூன்று விரலைப் பிடித்து அழுத்தினார்.

தரகர் கையை உருவி, அவருடைய இரண்டு விரலைப் பிடித்தார்.

மூன்று, என்றது சம்பந்தியின் பிடி. இந்த முறை கெஞ்சியது.

இரண்டு.

மூன்று. அதோடு உள்ளங்கையில் ஒரு தட்டு. சந்தையில் அதற்கு, இதோடு முடித்துக்கொள், உனக்குத்தான் லாபம் என்று பொருள். உண்மையிலேயே அவருக்குத்தான் லாபம். ஒரு வார்த்தை. அதற்கப்புறம் இந்தக் காது எதைச் சொன்னாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். தரகர் வாயைத் திறந்தார்.

உச்சிக்கிளையில் இருந்த இருகூவி கீழே இறங்கியது. இத்தனை நேரம் தன் இடத்தில் நின்று யாரோ கத்துவதைப் பொறுத்தது போதும் என்று நினைத்திருக்கும். "ச்சில்-வீ, ச்சில்-வீ, ச்சில்-வீ" என்று மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவி, புதருக்குள் நுழைந்து, போன் இருந்த இடத்துக்கு மேலேயே உட்கார்ந்து சிறகைப் படபடத்தது. கீழே போன் நிதானமாக, "ச்சி-ரி-விப்." குருவி சுற்றி வந்தது. எதிரியைத் தேடியது. எட்டிப் பார்த்தது. கத்தியது. யாரும் இல்லாத இடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பார்க்கச் சகிக்கவில்லை தரகருக்கு. போன ஞாயிறு முழுக்கச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்றிருந்த தன் முகம் ஞாபகம் வந்தது.

"மேல கத்தறது இருகூவி" என்றார் சத்தமாக. "கீழ கத்தறது மூணு தட்டு. ஆனா பறவை இல்ல. போன்."

துண்டுக்கடியில் சம்பந்தியின் கை செத்த மீன் மாதிரி ஆனது.

"போனா? யாரோடது?" என்றார் ஒலியம்மா.

"எங்க வீட்டு போன்" என்றார் தரகர். பொய்யும் இல்லை, பெண்ணைக் கொடுத்த வீடும் வீடுதானே. "போன வாரம் நான் அனுப்பினதும் போன்தான். அதையும் எடுத்துடுங்க. சம்பந்தி அனுப்பினது என் போன். நான் அனுப்பினது..." அங்கே கொஞ்சம் தடுமாறி, "அதுவும் அதே கணக்குதான்" என்று முடித்தார்.

அவர் மனைவி ஃபிளாஸ்கை வைத்துவிட்டுப் புதருக்குப் போய், கையை விட்டுத் துழாவி, போனை எடுத்து நிறுத்தினாள். கழகத்து ஆட்களில் ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். குருவி இன்னும் கொஞ்ச நேரம் வெற்றுப் புதரைத் திட்டிவிட்டு மேலே போனது.

ஒலியம்மா ஹெட்போனைக் கழுத்தில் இறக்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"முக்கூவிப் பதிவு ரெண்டையும் நீக்கிடறேன். விதியை மீறினதால இந்தக் குளிர்காலம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் தோப்புக்குள்ள வரக்கூடாது. சான்று இப்போதைக்கு இல்ல."

"நியாயம்தாங்க" என்றார் தரகர். பிறகு, அடக்க முடியாமல், "மேடம், ஒண்ணே ஒண்ணு. நீங்க மைக்ல என்ன சொன்னீங்க?"

ஒலியம்மா அவரைப் பார்த்தார். மைக்கின் உரோமத்தை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"அது எனக்கு" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தரகருக்கு அதுதான் அரிப்பு. அந்த அம்மாவும் போன் என்று சொல்லியிருப்பாரோ? முக்கூவி என்று ஏமாந்திருப்பாரோ? மோட்டாரில் திருப்புளியை வைத்தால்கூட நடுவில் அந்த முணுமுணுப்பு வந்து நின்றது. சலவைக்கடைக்காரர் திரும்பி வந்து, இந்த முறை நியாயமாகத் தொண்டை வறளப் பேரம் பேசி, முதலில் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்து, அதே மோட்டாரை நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார்.

சம்பந்தி பேசவில்லை. செயலாளர் பதவியை விட்டுவிட்டார் என்று மகள் மூலம் தகவல் வந்தது. மகள் போனில், "அப்பா, இங்க மாமா யாரு கதவைத் தட்டினாலும் ரெண்டு தட்டா மூணு தட்டான்னு எண்ணிட்டு எரிஞ்சு விழறாரு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு. தரகருக்கு வரவில்லை.

தோப்புக்குள்தான் போகக் கூடாது. மதிலுக்கு வெளியே பஸ் நிறுத்தம் இருந்தது. அதில் ஒரு பெஞ்சு. எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் தரகர் காலையில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். மதிலைத் தாண்டி வருகிற சத்தம் வரட்டும், அதற்கு விதி இல்லையே. கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு காலையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது பெஞ்சின் மறுமுனை இறங்கியது. திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது. அந்தச் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியாதா?

"பஸ்ஸுக்கா?" என்றார் தரகர்.

"ஆமா. பஸ்ஸுக்குத்தான்" என்றார் சம்பந்தி.

ஒரு பஸ் வந்தது. போனது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"உங்க போனு?"

"வீட்டுல வெச்சுட்டேன். உங்களது?"

"அவ பிடுங்கி வெச்சுக்கிட்டா."

மதிலுக்கு அந்தப்பக்கம், இலைகளுக்குள் ஆழத்தில், எதுவோ ஒரு தடவை கூப்பிட்டது. லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகும் நேரம். பாதி சத்தம் லாரிக்கடியில் மாட்டிக்கொண்டது. சம்பந்தி விறைத்து உட்கார்ந்தார். தரகரின் கால் ஆடுவது நின்றது.

சம்பந்தி தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேல் போட்டார். தரகர் காத்திருந்தார். மூன்றைப் பிடிப்பார், தான் இரண்டைப் பிடிக்க வேண்டும், மறுபடியும் முதலிலிருந்து என்று மனத்தைத் தயார் செய்துகொண்டார். துண்டுக்கடியில் ஒன்றும் வரவில்லை. தொட்டுப் பார்த்தார். சம்பந்தியின் கை மல்லாந்து விரிந்து கிடந்தது. விலை சொல்லவில்லை. கேட்டது.

தரகர் அதில் இரண்டு விரலை வைத்தார்.

சம்பந்தி குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. விரல் இரண்டையும் அப்படியே மூடிக்கொண்டார்.

தரகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சலவைக்கடைக்காரர் போலச் சுற்றி வந்து அடியில் குனிந்து பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. லாரி போய்விட்டிருந்தது. பாதிதானே கேட்டோம், சரியாகத்தான் கேட்டோமா என்று உள்ளுக்குள் ஒரு துடிப்பு கிளம்பியது. மதிலைப் பார்த்தபடி, இன்னொரு தடவை கூப்பிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டார். கால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.